அடையாளம் காட்டாத கப்பல்கள்: கடலடிக் கேபிளுக்குச் செயற்கைக்கோள் காவல் தேவையா?

நீலத்திரை:
கடலடிக் கேபிள், எரிவாயுக் குழாய், கடல் காற்றாலை இவற்றின் அருகே யார் வந்து போகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் ஏஐஎஸ் வைத்துத்தான் கவனிக்கிறார்கள். கப்பல் தன் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும் கருவி அது. மோதலைத் தவிர்க்க வந்த ஏற்பாடு. மாலுமி சுவிட்சை அணைத்தால் கப்பல் திரையிலிருந்து காணாமல் போய்விடும்.

எத்தனை கப்பல்கள் இப்படி ஓடுகின்றன? 2017 முதல் 2021 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஏஐஎஸ் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்தது. பெரிய மீன்பிடிக் கப்பல்களில் 72 முதல் 76 சதவீதம் பொதுக் கண்காணிப்பில் இல்லை. சரக்கு, எரிசக்திக் கப்பல்களின் நடமாட்டத்திலும் 21 முதல் 30 சதவீதம் இல்லை. இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு கடலடியில் கோடிக்கணக்கில் முதலீடு செய்வது சரியில்லை. செயற்கைக்கோள் ரேடார் கண்காணிப்பைக் கட்டாயச் செலவாக்க வேண்டும் என்பது என் கருத்து.

நங்கூரம்:
ஆய்வில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உண்மையில் சேதம் செய்த கப்பல்களைப் பாருங்கள். 2023 அக்டோபர் 8 அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாய் உடைந்தது. நியூநியூ போலார் பேர் என்ற கப்பலைப் பிடித்தது எப்படி? அதன் ஏஐஎஸ் பாதையையும் கடலடியில் கிடைத்த ஆறு டன் நங்கூரத்தையும் வைத்துத்தான். 2024 டிசம்பர் 25 அன்று அதே இரு நாடுகளுக்கு இடையிலான எஸ்ட்லிங்க் 2 மின் கேபிளை அறுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஈகிள் எஸ் கப்பல், சுமார் 90 கிலோமீட்டர் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போனது. 2022 ஜனவரி 31 புயலில் ஜூலியட்டா டி என்ற கப்பல் கட்டுப்பாடிழந்து, நெதர்லாந்துக் கடலில் கட்டிக்கொண்டிருந்த காற்றாலையில் மோதியது. இந்த மூன்றும் ஒளிந்து வந்த கப்பல்கள் இல்லை. எல்லாரும் பார்க்கப் பார்க்கத்தான் நடந்தது.

அப்புறம் நேரக் கணக்கு. ஐரோப்பாவின் சென்டினல் 1 வகை ரேடார் செயற்கைக்கோள் ஒன்று அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் போகும் கப்பல் ஒரு மணி நேரத்தில் 18.5 கிலோமீட்டர் தாண்டிவிடும். படம் கைக்கு வரும்போது கப்பல் எங்கே இருக்கும், சொல்லுங்கள்.

நீலத்திரை:
அந்த 12 நாள், ஒரே செயற்கைக்கோள் அச்சுப் பிசகாமல் அதே பாதைக்கு வருவதற்கான கணக்கு நண்பரே. பக்கத்துப் பாதைகளின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். தனியார் ரேடார் செயற்கைக்கோள்களையும் சேர்த்தால் ஒரே இடத்தை ஒரு நாளில் பலமுறை பார்க்கலாம்.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேடார் படத்தில் அமைதியான கடல் கறுப்பு, இரும்புக் கப்பல் வெள்ளைப் புள்ளி. இரவும் மேகமும் தடையில்லை. அதன்மேல் அதே நிமிடத்தில் ஏஐஎஸ் சொன்ன பெயர்களை அந்தந்த இடத்தில் வைப்பார்கள். புள்ளி இருந்து பெயர் இல்லையென்றால் அது ஒளிந்த கப்பல். பெயர் இருந்து புள்ளி இல்லையென்றால் அது பொய்யான இடத்தைச் சொல்லும் கப்பல். இந்த இரண்டாவது வகையை ஏஐஎஸ் மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இன்னொன்று, ஏஐஎஸ்ஸை அணைக்கும் கேப்டனும் தன் வழிகாட்டு ரேடாரை அணைக்கத் தயங்குவார். இருட்டில் மோதிவிடுவோம் என்ற பயம் இருக்குமே. அந்த ரேடார் 9.4 கிகாஹெர்ட்ஸ் அருகே விடும் துடிப்பைப் பிடித்து இடம் சொல்லும் செயற்கைக்கோள்கள் இப்போது இருக்கின்றன.

கேபிள்_பாய்மரம்:
நான் கேபிள் பழுதுபார்க்கும் கப்பலில் வேலை பார்த்தவன். அறுந்த முனையை மேலே இழுத்துத் தளத்தில் போட்டதும் முதலில் எஃகுக் கம்பி உறையைத்தான் பார்ப்போம். நங்கூரம் இழுத்ததென்றால் கம்பிகள் நீண்டு, பிரிந்து, ஒரே பக்கமாக வளைந்திருக்கும். இழுவலை உரசியதென்றால் உறையில் நீளவாக்கில் சிராய்ப்பு தெரியும். ஆனால் எந்தக் கப்பல் என்று கேபிள் சொல்லாது. பழுதுச் செலவை யாரிடம் வசூலிப்பது என்ற கேள்வி வரும்போது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்ற பதிவுதான் எல்லாமே.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நடக்கின்றன. அதில் பெரும்பகுதி மீன்பிடிப்பும் நங்கூரமும் செய்வது, அதுவும் தெரியாமல். மரப் படகும் ஃபைபர் படகும் ரேடார் படத்தில் சரியாக விழாது. காற்று பலமாக அடித்துக் கடல் கொந்தளித்தால் சிறிய இரும்புப் படகுகூட அலையோடு கலந்துவிடும். அதனால் நான் பாதி, நண்பர் நங்கூரத்தின் பக்கம். கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையையே காதாகப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. ஒளித்துடிப்பு திரும்பும் விதத்தை வைத்து, நங்கூரம் கடலடியைக் கிழிக்கும் அதிர்வைக் கேட்கலாம். முதல் பணம் அதற்குப் போகட்டும்.

நீலத்திரை:
இழை கேட்பது கேபிளை ஒட்டிய சத்தத்தை. எங்கிருந்தோ மிதந்து வரும் ஆபத்தை அது சொல்லாது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் தாக்கப்பட்ட ரூபிமார் கப்பலை மாலுமிகள் கைவிட்டார்கள். நங்கூரத்தோடு மிதந்துபோய் மூன்று கேபிள்களை அது அறுத்ததாகக் கருதப்படுகிறது. யாரும் ஏற முடியாத அந்தக் கப்பலையும் அதன் எண்ணெய்ப் படலத்தையும் உலகம் பார்த்தது செயற்கைக்கோள் படங்களில்தான்.

நங்கூரம்:
பார்த்தோம். மூழ்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம். கேபிள்கள் தப்பவில்லையே?

சட்டத்தையும் கவனியுங்கள். 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் காற்றாலை, துரப்பண மேடை போன்றவற்றுக்குத்தான், கடலடிக் கேபிளுக்கு இல்லை. அந்த 500 மீட்டரையும் 10 நாட் வேகக் கப்பல் ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். கொள்ளையர் பயம் இருந்தால் ஏஐஎஸ்ஸை அணைக்கக் கேப்டனுக்கு அனுமதியும் உண்டு. ஆக, ஒளிந்த புள்ளி என்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. ஈகிள் எஸ் வழக்கில் கப்பல் கையில், ஆட்கள் கையில், பாதை கையில். அப்படியிருந்தும் 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. இன்னொரு படம் இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?

நீலத்திரை:
தீர்ப்பு மாறியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் நீதிமன்றத்துக்காகப் படம் கேட்கவில்லை. கேபிள் பாதை மேல் ஒரு பெயரில்லாத கப்பல் மூன்று வாரத்தில் நான்கு முறை வேகம் குறைத்து நின்றால், அது சேதத்துக்கு முன்பே தெரிய வேண்டும். அடுத்த முறை அது வரும்போது காவல் கப்பல் அங்கே நிற்கலாம். துறைமுகம் சோதனை போடலாம். காப்பீடு தருபவர் விளக்கம் கேட்கலாம். இதில் எதற்குமே தீர்ப்பு வேண்டியதில்லை.

கேபிள்_பாய்மரம்:
இது நியாயமான பேச்சு. நேரடி எச்சரிக்கைக்கு இழையும் கரை ரேடாரும், நடமாட்டத்தைப் படிக்கச் செயற்கைக்கோள் என்றால் எனக்குச் சம்மதம்.

நங்கூரம்:
அப்படியானால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். படம் எடுத்த நொடியிலிருந்து காவல் கப்பலின் வானொலிக்குத் தகவல் போய்ச் சேர அதிகபட்சம் எத்தனை நிமிடம்? அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடும் நிறுவனத்துக்குப் பணம் கொடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். "நாளொன்றுக்கு இத்தனை படம்" என்று மட்டும் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரோந்துக் கப்பலைக் கூடுதலாக ஓட்டலாம்.