போக ஒன்றரை மணி, வர ஆறரை மணி: விமானம் நடுவில் நிற்குமா?

பிறை_மகள்:
அவசரம். அம்மா ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். போகும்போது காலை 8.55க்குக் கிளம்பி 10.25க்கு இறங்குகிறது. வரும்போது இரவு 11.00க்குக் கிளம்பி மறுநாள் காலை 5.30. திரும்பும் விமானம் நடுவில் எங்காவது நிற்குமா? அம்மாவுக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
எந்த ஊர்? எங்கிருந்து ஏறுகிறார்? எனக்கு ஊர் என்றால் பேராக்கில் இருக்கிற சித்தியவான்.

தே_தாரிக்:
காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாக வீசும். போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும்.

பிறை_மகள்:
திருச்சிதான், வேறெங்கே? கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்).

பழைய_கணக்கு:
இதை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது? டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நம் மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். ஒன்றரையோடு கூட்டுங்கள், ஆறரையில் கழியுங்கள். ரெண்டு பக்கமும் நாலு மணி, நடுவில் எங்கும் நிற்காது. கே.எல்.-திருச்சி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். ஒன்றரை மணியில் போக வேண்டுமென்றால் ஒலியை விட வேகமாகப் பறக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு இது.

தே_தாரிக்:
காற்று இல்லை என்கிறீர்களா?

பழைய_கணக்கு:
இருக்கிறது. கால் மணி கூடும், குறையும். ஐந்து மணி நேரம் கூடாது.

ஆயர்ஈத்தாம்_ராஜா:
முன்பு வித்தியாசம் ரெண்டு மணிதான். 1982 ஜனவரி 1 அன்று நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதனால்தான் இன்றும் பினாங்கில் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள்.

செந்தூல்காரன்:
சிங்கப்பூரைப் பார்த்து மாற்றியதுதானே அது?

ஆயர்ஈத்தாம்_ராஜா:
தலைகீழ். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு சேர நாம் மாற்றினோம், சிங்கப்பூர் நம் பின்னால் வந்தது. அந்த இரவு நான் விழித்திருந்தவன். 11.30 அடித்ததும் அப்பா நாற்காலி போட்டு ஏறி, சுவர்க்கடிகார முள்ளை 12க்குத் திருப்பினார்.

கெப்போங்_அக்கா:
சரி, கடிகாரம் போகட்டும். பினாங்குப் பக்கம் பிறையில் இருக்கிற அம்மா 8.55 விமானத்துக்கு கே.எல். எப்படி வருகிறார் என்று யாராவது கேட்டீர்களா?

பிறை_மகள்:
பினாங்கிலிருந்து காலை விமானம் அக்கா. தனி டிக்கெட். 7.10க்கு கே.எல்.லில் இறங்கிவிடுவார். முதல் முனையம். திருச்சிக்கு இரண்டாம் முனையம்.

கெப்போங்_அக்கா:
அய்யோ, அதை முதலில் சொல்ல வேண்டாமா! தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாகப் போகாது. அம்மாவே எடுத்து, ரயில் ஏறி அடுத்த முனையம் போய் மறுபடி போட வேண்டும். ரயில் மூன்று நிமிடம், 2 வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் இறங்கி நடக்கிற தூரம் முட்டிக்கு ஆகாது. பெட்டி போடும் இடத்தைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். அதாவது 7.55. அந்தப் பினாங்கு விமானம் அரை மணி தாமதமானால் எல்லாம் போச்சு. முதல் நாளே பிறைக்குப் பக்கத்துப் பட்டர்வொர்த்தில் கே.எல். ரயில் ஏற்றிவிடு. சக்கர நாற்காலிக்கும் இப்போதே சொல்லி வை.

செந்தூல்காரன்:
ரயிலா? நாலு மணிக்கு மேல் உட்கார வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அதுவா வழி?

கெப்போங்_அக்கா:
ரயிலில் எழுந்து நடக்கலாம், தம்பி.

பிறை_மகள்:
முதல் நாள் ரயில் போட்டாச்சு. இரவு மாமா வீட்டில் தங்கல். பினாங்கு விமானக் காசு திரும்ப வராதாம். நன்றி அக்கா.

தே_தாரிக்:
எந்த மாதம் போகிறார் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.