சில்பாஞ்சோவை விருந்தில் பரிமாறுவது எப்படி?

கேள்வி (கல்முனை)

வணக்கம். பொலிவியாவின் கொச்சபம்பா நகருக்குரிய சில்பாஞ்சோ என்னும் மாட்டிறைச்சி உணவை வெள்ளிக்கிழமை மதிய விருந்தில் வைக்க எண்ணியுள்ளேன். சோறு, உருளைக்கிழங்கு, மெல்லியதாகத் தட்டிப் பொரித்த இறைச்சி, முட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள் என்பது வரை அறிவேன். ஆனால் ஆணம் ஊற்றாமல் சோறு உண்ணாத எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எவ்வாறு பரிமாறுவது என்பதே எனது ஐயம். அங்கே பயன்படுத்தும் லொகோட்டோ மிளகாய்க்கு இங்கே எதைச் சேர்க்கலாம் என்பதையும் கூறுங்கள்.

பதில் (காத்தான்குடி)

ஆணத்தின் வேலையை இந்த உணவில் முட்டையும் தக்காளியும் செய்கின்றன. ஆகையால் முட்டையின் மஞ்சள் கரு இறுகாதபடி பொரித்து, உண்பவர் அதை உடைத்தவுடன் இறைச்சியின் மேல் வழிந்து சோற்றில் இறங்கும்படி வைக்க வேண்டும். முழுவதும் வெந்த முட்டையை வைத்தால் பெரியவர்கள் ஆணம் கேட்பது நியாயமே.

இறைச்சியில்தான் முழுக் கவனமும் தேவை. எலும்பும் கொழுப்பும் இல்லாத துண்டத்தை உப்பு, மிளகு, நற்சீரகம், உள்ளி ஆகியவற்றில் பிரட்டி, பாண் தூளைத் தூவிய பலகையில் வைத்து, மேலும் தூள் தூவித் திருப்பித் திருப்பித் தட்டினால், உள்ளங்கையளவு துண்டம் கோப்பையை மூடும் அளவுக்கு விரியும். கொத்திய இறைச்சியிலும் செய்வார்கள். மெல்லியதாக இருப்பதால் சூடான எண்ணெயில் பக்கத்துக்கு ஓரிரு நிமிடங்கள் போதும். அதற்கு மேல் விட்டால் தோல் போலாகிவிடும்.

உருளைக்கிழங்கை முதலில் அவித்து, ஆறிய பின் வட்டமாக வெட்டிப் பொரிக்க வேண்டும். சோறு அடியில், கிழங்கு அதன்மேல், அவற்றை மறைத்தபடி இறைச்சி, உச்சியில் முட்டை. சிறிதாக அரிந்த வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் கலவையைக் கடைசியில் தூவுங்கள். அதற்கு முன்கூட்டியே உப்பிட்டால் நீர்விட்டு, பொரித்த இறைச்சியை நனைத்துவிடும்.

பதில் (அக்கரைப்பற்று)

மேலே கூறியதுடன் உடன்படுகிறேன். சோற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல். விருந்து என்றவுடன் நமது பகுதியில் மஞ்சள் சோறோ நெய்ச் சோறோ ஆக்கத் தோன்றும், ஆனால் இதற்கு வெறும் வெள்ளைச் சோறே பொருந்தும். தேங்காய்ப்பாலின் மணம் நற்சீரகத்தையும் தக்காளியின் புளிப்பையும் அமுக்கிவிடும்.

பதில் (மட்டக்களப்பு நகர்)

லொகோட்டோ சதைப்பற்றுள்ள, கறுப்பு விதை கொண்ட காரமான மிளகாய். பச்சை மிளகாயில் காரம் கிடைக்கும், சதை கிடைக்காது. எனவே கறிமிளகாயையும் காரமான பச்சை மிளகாயையும் சேர்த்து அரிவதே எனக்குத் தெரிந்த வழி. இத்துடன் பொலிவியர்கள் லொகோட்டோவையும் தக்காளியையும் கல்லில் அரைத்து, கில்கினியா என்ற மணமூலிகை சேர்த்து, லியாகுவா என்னும் சம்பலைத் தனியாக வைப்பார்கள். நீங்கள் அம்மியில் அரைத்துக் கொத்தமல்லி இலை சேருங்கள். மணம் வேறுதான், ஆனால் இந்த உணவோடு ஒத்துப்போகும். கோப்பையில் ஈரப்பசை குறைவு என்று கருதுபவர்கள் அதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். மாட்டிறைச்சி உண்ணாத விருந்தினர் இருந்தால், கோழியின் நெஞ்சுப் பகுதியை இதேபோலத் தட்டித் தனிச்சட்டியில் பொரித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அனைவருக்கும் ஒரே நேரத்தில் சூடாகக் கொடுப்பதற்கு இறைச்சியை முன்னரே பொரித்து வைக்கலாமா?

பதில் (காத்தான்குடி)

வேண்டாம். தட்டிய துண்டங்களுக்கு இடையில் எண்ணெய்த் தாள் வைத்து அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். சோறும் கிழங்கும் ஆயத்தமான பின், அகலமான இரண்டு தாச்சிகளில் ஒன்றில் இறைச்சியையும் மற்றதில் முட்டையையும் பொரித்து, கோப்பை கோப்பையாக அனுப்புங்கள். மிஞ்சிய இறைச்சியை முட்டை, கிழங்கு, வெங்காயத்துடன் பாணுக்குள் வைத்துக் கொடுக்கலாம். கொச்சபம்பாவில் அதையே திரங்காபெச்சோ என்று விற்கிறார்கள்.