மனைவி இறந்தப்புறம் நிலம், நாலு புள்ளைங்க, ஒத்த ஆளு: அமெரிக்காவுல நெப்ராஸ்காவுல குடியேறின விவசாயி எப்படி சமாளிச்சிருப்பார்?

ஓமாஹாவாசி:
வணக்கம் மக்களே. பீட்ரிஸ்ல இருக்கற ஹோம்ஸ்டெட் நேஷனல் பார்க் பாத்துட்டு வர்ற வழியில, வாஹூ பக்கம் ஒரு சின்ன லுத்தரன் சர்ச்சுல நின்னோம். கல்லறைல ஸ்வீடிஷ்ல எழுதின ஒரு கல்லு. 31 வயசுல ஒரு அம்மா 1878ல இறந்திருக்காங்க, பக்கத்துலயே புருஷன், 1913. அங்க இருந்த பெரியவர் சொன்னது, நாலு குழந்தைங்க, கடைசி கைக்குழந்தையாம், மனுஷன் மறுகல்யாணமும் பண்ணிக்கல நிலத்தையும் விடலயாம். கடல் தாண்டி வந்து, பாஷை புரியாத ஊர்ல, தாயில்லாத புள்ளைங்களோட எப்படி ஓட்டியிருப்பார்னு யோசிச்சு யோசிச்சு தூக்கமே வரல. ஏன் சொந்த ஊருக்கே திரும்பல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏர்க்கால்:
திரும்பாததுக்கு சட்டமே பாதி காரணமா இருந்திருக்கும். 1862ல லிங்கன் கையெழுத்து போட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, அதாவது குடியேறி உழறவங்களுக்கு அரசு நிலம் குடுக்கற சட்டப்படி, 160 ஏக்கர், ரயில்வேக்கு குடுத்த நிலத்தை ஒட்டி இருந்தா அப்ப 80 தான், ஃபீஸ் கொஞ்சம்தான் ஆனா அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து உழணும். ஆறு மாசத்துக்கு மேல விட்டுட்டு போனா நிலம் கவர்மெண்டுக்கே போயிடும். புள்ளைங்கள ஸ்வீடன்ல பாட்டிகிட்ட விட்டுட்டு வரலாம்னு கெளம்பியிருந்தா கூட அந்த கணக்கு தலைக்கு மேல நிக்கும். காசு கட்டி முன்னாடியே பட்டா வாங்க வழி இருந்துச்சு, சாதாரணமா ஏக்கருக்கு 1.25 டாலர். ஆனா 1874ல வெட்டுக்கிளி வந்து மொளச்சதெல்லாம் தின்னுட்டு போன ஊரு, ரொக்கம் யார் கைல இருக்கும்?

அடுப்பங்கரை:
எல்லாரும் நிலத்தையே பேசறீங்க, வீட்டையும் பாருங்க. அந்த பொட்டல்ல மரம் ஏது, நெறைய பேரு புல்லு வேரோட மண்ணை பாளம் பாளமா வெட்டி அடுக்கித்தான் வீடு கட்டினாங்க. மழை பேஞ்சா உள்ள சேறா ஒழுகும். விறகு இல்லாம மாட்டு சாணியும், முறுக்கின வைக்கோலும், சோளக்கட்டையும்தான் எரிப்பாங்க, வைக்கோல் பொசுக்குன்னு எரிஞ்சுடும், ஒரு ஆள் பக்கத்துலயே உக்காந்து போட்டுகிட்டே இருக்கணும். அதுக்கு மேல அந்த அம்மா கடைஞ்ச வெண்ணெயும், கோழி முட்டையும் கடைல குடுத்துதான் காபித்தூள், சர்க்கரை, துணி எல்லாம் வந்திருக்கும். கோதுமை காசு வருஷத்துக்கு ஒரு தடவ, வெண்ணெய் காசு வாராவாரம். அவங்க போனதுல குடும்பத்தோட கைச்செலவு காசும் நின்னு போச்சு. இதை யாரும் எழுதறதே இல்ல.

கரிசல்மண்:
அடுப்பங்கரை அக்கா சொன்னதோட ஒண்ணு. அந்த அம்மாவுக்கு 31ன்னா மூத்தது பத்து பதினொரு வயசு இருக்கலாம். பொண்ணா இருந்தா அதுதான் அந்த வீட்டை தூக்கி நிறுத்தியிருக்கும்னு நான் அடிச்சு சொல்வேன். 1880 சென்சஸ் எடுத்து பாருங்க, அதுல தொழில்னு ஒரு கட்டம் இருக்கு, பொண்டாட்டிக்கு பொதுவா "வீட்டை பார்த்துக்கொள்பவர்"னு எழுதுவாங்க. தாயில்லாத வீடுகள்ல அதையே மகள் பேருக்கு நேரா எழுதியிருக்கறதை பாத்திருக்கேன், மனசு கனத்து போச்சு. பட்டா அப்பா பேர்ல, கல்லுல அம்மா அப்பா பேரு, அந்த புள்ள பேரு எங்க? அதே வருஷம் விவசாய கணக்குன்னு தனியா எடுத்தாங்க, அதுல முந்தின வருஷம் எத்தனை பவுண்டு வெண்ணெய், எத்தனை டஜன் முட்டைன்னு கூட இருக்கும். 1879ல அவங்க வீட்டு வெண்ணெய் சைபரா இல்லையான்னு பாருங்க. சைபர் இல்லன்னா அதை கடைஞ்சது யாருன்னு யோசிங்க.

தொலைதூரம்:
அந்த நிலம் சும்மா கெடந்த நிலமும் இல்ல. அந்த பக்கமெல்லாம் பாவ்னீங்கற அமெரிக்க பழங்குடி ஜனங்க வாழ்ந்த மண்ணு, 1870கள்லதான் மிச்சம் இருந்தவங்களையும் இப்ப ஓக்லஹோமான்னு சொல்ற இடத்துக்கு அனுப்பினாங்க. அந்த ஸ்வீடன்காரர் கஷ்டத்தை நான் குறைச்சு சொல்லல, ஆனா அவருக்கு கெடச்சது எங்கிருந்து வந்துச்சுங்கறதும் சேத்து பேசணும்.

ஓமாஹாவாசி:
எல்லாருக்கும் நன்றி, தொலைதூரம் நீங்க சொன்னதும் சரிதான். அமெரிக்க அரசோட நில மேலாண்மை துறை வெப்சைட்ல அவர் பேர்ல பட்டா கெடச்சுடுச்சு! 1879, 80 ஏக்கர். அடுத்து என்ன பண்றது?

ஏர்க்கால்:
அருமை! அந்த பட்டா நம்பரை வச்சு வாஷிங்டன்ல இருக்கற தேசிய ஆவணக்காப்பகத்துல முழு ஃபைலையும் கேளுங்க, பட்டா ஒரு தாளுதான், விஷயமெல்லாம் ஃபைல்லதான். வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதது, அமெரிக்க குடியுரிமை பேப்பர் எல்லாம் இருக்கும். அக்கம்பக்கத்து ஆளுங்க ரெண்டு பேர் சாட்சி சொல்லியிருப்பாங்க, அந்த பேருங்கள அதே கல்லறைல தேடி பாருங்க, கைக்குழந்தைய யார் வீட்டுல வளத்தாங்கன்னு தெரிய அதுதான் நல்ல துப்பு. சர்ச் ஞானஸ்நான பதிவேட்டையும் விடாதீங்க, ஸ்வீடிஷ் லுத்தரன் ஆளுங்க யார் எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு கூட எழுதி வைப்பாங்க.

கரிசல்மண்:
சென்சஸ் கெடச்சதும் அந்த மூத்த பொண்ணு பேரை இங்க போடுங்க ப்ளீஸ்.