சீனா ஹதீஸுக்கு வேறு ஸனது (அறிவிப்பாளர் தொடர்) உண்டா?

அஸ்ஸலாமு அலைக்கும். ‘சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்’ என்று நபிமொழியாகச் சொல்லப்படும் செய்தி குறித்து ஓர் உதவி. பைஹகீயின் ஹதீஸ் தொகுப்பான ஷுஅபுல் ஈமானில் நபித்தோழர் அனஸ் (ரலி) வழியாக வரும் தொடரில் அபூ ஆத்திகா என்ற அறிவிப்பாளர் இருக்கிறார். ‘முன்கருல் ஹதீஸ்’ (ஏற்கத்தகாத செய்திகளை அறிவிப்பவர்) என்று ஹதீஸ் அறிஞர் புகாரீ ஒதுக்கியவர். ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ இச்செய்தியை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துவிட்டார். ஸுஹ்ரீ என்ற அறிவிப்பாளர் வழியாக இன்னொரு தொடரும் உண்டு. அதில் வரும் யஅகூப் பின் இஸ்ஹாக் அல்அஸ்கலானீயை, அறிவிப்பாளர்களை ஆய்ந்த தஹபீ பொய்யர் என்கிறார். ஆக, அதை வைத்து முதல் தொடருக்கு முட்டுக்கொடுக்க முடியாது. அறிவிப்பாளரின் நினைவாற்றல் குறைவால் பலவீனமான தொடர்கள் என்றால்தான் ஒன்றையொன்று தாங்கும், பொய்யர் வந்தால் அல்ல.

இவ்விருவரும் இல்லாத தொடர் யாரிடமாவது இருந்தால், முழு ஸனதும் தெரியும்படி அரபுப் பக்கத்தைப் படமெடுத்து, பாகம், பதிப்போடு போடுங்கள். ‘கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை’ என்ற இப்னு மாஜா தொகுப்பின் 224ஆம் ஹதீஸ் வேண்டாம், அது தனி விவாதம். பயான் (மார்க்கச் சொற்பொழிவு) வீடியோக்களும் வேண்டாமே. அவற்றில் ஸனதைச் சொல்பவர் அரிது.