நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் படம் எடுப்பது பற்றி

கேள்வி:
அடுத்த மாதம் புரூக்ளினில் உள்ள இந்த அருங்காட்சியகத்துக்குச் செல்கிறேன். 1936இல் திறந்து 1946இல் மூடப்பட்ட கோர்ட் தெரு சுரங்க நிலையத்திலேயே அது இயங்குவதால் வெளிச்சம் குறைவாக இருக்கும். முக்காலியும் ஃபிளாஷும் இல்லாமல் பழைய ரயில் பெட்டிகளைத் தெளிவாக எடுக்க முடியுமா?

மறுமொழி 1:
முடியும். குழந்தைகள் ஓடியாடும் நடைமேடையில் முக்காலியின் கால்கள் பிறர் காலை இடறும் என்பதால் அதைக் கொண்டுசெல்லாமல் இருப்பதே நல்லது. கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தி, பெட்டிக்குள் இருக்கும் கம்பத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுங்கள். பிரம்பு பின்னிய இருக்கைகளின் மேல் குண்டு பல்புகளின் மஞ்சள் ஒளி படிந்திருக்கும் அழகை ஃபிளாஷ் ஒரு நொடியில் வெளிறச் செய்துவிடும்; சன்னலுக்கு மேலுள்ள பழைய விளம்பர அட்டைகளிலும் வெள்ளைத் திட்டு விழும்.

மறுமொழி 2:
ஒன்றை மறவாதீர்கள்: ரயிலுக்கு மின்சாரம் தருவதற்கென அங்குள்ள மூன்றாம் தண்டவாளத்தில் இன்றும் மின்சாரம் பாய்கிறது, கோணம் தேடி நடைமேடை விளிம்பில் குனிய வேண்டாம். ஓட்டுநர் அறை வாசலில் நெடுநேரம் நிற்காமல், பின்னால் காத்திருப்பவருக்கு வழிவிடுங்கள். பிறர் குழந்தைகள் படத்தில் விழுந்தால் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருமணப் படப்பிடிப்பு போன்றவற்றுக்கு நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் முறை.

கேட்டவர்:
மிக்க நன்றி. காலையில் திறந்தவுடனேயே சென்று, கூட்டம் சேர்வதற்குள் பெட்டிகளின் உட்புறத்தை எடுத்துவிடுகிறேன்.