கள்ளத்தொண்டையில் பாடினால் அது ஏமாற்று வேலையா?

அடித்தொண்டை:

ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு ஒரு வயிற்றெரிச்சல், அதனால் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாசிப்போம். ஆண்டு விழாவுக்கு இந்த முறை ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ'யை எடுத்திருக்கிறோம். நார்வேக்காரர்கள், 1985ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு, வீடியோவில் ஆட்கள் பென்சில் ஓவியமாக மாறி ஓடுவார்களே, அதேதான். எனக்கு இயல்பிலேயே கனத்த குரல். போனை எடுத்தால் அப்பா என்று நினைத்துக்கொண்டு மாமா வீட்டு ரகசியமெல்லாம் சொல்லிவிடுவார். அதனால் கோரஸின் முதல் சொல், அந்த அடி ஆழத்தில் தொடங்குகிற இடம், எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பிரச்சினை அது முடிகிற இடத்தில்தான். மேலே போகப் போக நெஞ்சிலிருந்து தள்ளிப் பார்க்கிறேன், குரல் இரண்டாகப் பிளந்து ஒரு சத்தம் வருகிறது, அதைக் கேட்டு டிரம்ஸ் வாசிப்பவர் நிறுத்தியே விட்டார். தள்ளாமல் மெல்லிய குரலுக்கு, அதாவது கள்ளத்தொண்டைக்கு, மாறினால் சுருதி சரியாகப் போய் நிற்கிறது. ஆனால் எங்கள் கிடார்காரன் "இது பாட்டு இல்லைடா, பொம்பளைக் குரலில் மிமிக்ரி, ஏமாற்று வேலை" என்கிறான்.

உண்மையில் அந்தப் பாடகர் மோர்டன் ஹார்கெட் அந்த இடத்தை முழுக்குரலில்தான் பாடுகிறாரா? அப்புறம் இணையத்தில் இன்னாருக்கு நாலு ஆக்டேவ் (ஸ்தாயி), அன்னாருக்கு ஐந்து ஆக்டேவ் என்று பட்டியல் பட்டியலாகப் போடுகிறார்களே, கீபோர்டை வைத்து என் குரலை அளந்து பார்த்தேன், இரண்டுகூடத் தேறவில்லை. பாடுவதையே விட்டுவிடலாமா?

சுருதிப்பெட்டி:

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம், உங்கள் கிடார் நண்பரிடமும் காட்டுங்கள். ஹார்கெட்டும் கடைசியில் கள்ளத்தொண்டைக்குத்தான் மாறுகிறார். வெள்ளைக்காரர்கள் ஃபால்செட்டோ என்பது அதைத்தான். அவர்கள் பெயரிலும் பொய் இருக்கிறது, நம் பெயரிலும் கள்ளம் இருக்கிறது, பாவம் அந்தக் குரல்!

அந்தக் கோரஸ் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பாருங்கள். தொடங்கும் சுரம் 110 ஹெர்ட்ஸ், நம் கணக்கில் (சுருதியைக் கட்டை என்று எண்ணால் சொல்வோமே) கீழ் ஆறு கட்டை. முடியும் சுரம் 659 ஹெர்ட்ஸ், மேலே மூன்று கட்டை. இரண்டு ஸ்தாயியைத் தாண்டி இன்னும் ஒரு பஞ்சம தூரம், அதாவது ச-விலிருந்து ப வரை. ஒரு கட்டையில் கச்சேரி செய்யும் ஆண் பாடகர் தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டு நின்றாலே கைதட்டுகிறோம். அது சுமார் 392 ஹெர்ட்ஸ்தான். இந்தப் பாட்டு அதற்கும் மேலே ஒன்பது அரைச்சுரம் (ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு) போகிறது. அங்கே போய்த் தள்ளினால் பிளக்காமல் என்ன செய்யும்?

தொண்டைக்குள் நடப்பது இதுதான். சாதாரணமாகப் பேசும்போதும் பாடும்போதும் குரல்நாண்கள் குட்டையாக, தடிமனாக இருக்கும். முழு ஆழத்துக்கும் அதிர்ந்து, ஒவ்வொரு அதிர்விலும் ஒன்றோடொன்று நன்றாக மூடிக்கொள்ளும். சுரம் ஏற ஏற அவற்றை இழுக்கும் தசை மேலும் மேலும் இழுக்கிறது, தடிமனாக வைத்திருக்கும் தசையோ பிடியை விடாமல் மல்லுக்கட்டுகிறது. ஒரு கட்டத்தில் பிடி சட்டென்று விட்டுப்போகிறது. அந்த நொடியில் வருவதுதான் உங்கள் டிரம்ஸ்காரரை நிறுத்திய சத்தம். பிடியைப் பக்குவமாக விட்டுக்கொடுத்தால் நாண் நீண்டு மெலிந்து விளிம்பு மட்டும் அதிரும். முழுதாக மூடாததால் கொஞ்சம் காற்று கசியும், சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் துணை அதிர்வுகள் குறைவதால் புல்லாங்குழல் மாதிரி மெலிதாகக் கேட்கும். ஆக இது வேறொருவர் குரலை நகல் எடுப்பது இல்லை. உங்கள் நாண்தான், வேலை செய்யும் விதம்தான் வேறு.

கர்நாடக சங்கீதத்தில் இதை மட்டமாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கமகத்தோடு, அதாவது சுரங்களை அசைத்து வளைத்து, ஒரே நாதத்தில் கீழிருந்து மேலே போக வேண்டிய இசை அது, நடுவில் குரல் நிறம் மாறினால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரித் தெரியும். எங்கள் ஆசிரியர் வகுப்பில் யாராவது மேலே போகும்போது மெல்லிய குரலுக்கு நழுவினால் தம்பூராவையே நிறுத்திவிடுவார். பாப் இசையில் அந்த நிறமாற்றம்தான் அலங்காரமே. ஒரு வீட்டுச் சட்டத்தை இன்னொரு வீட்டில் போய்ப் பேசக்கூடாது.

பழையகேசட்:

பொம்பளைக் குரல் என்று சொன்ன அந்த நண்பருக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். 1963ல் ஃபோர் சீசன்ஸ் குழுவின் 'வாக் லைக் எ மேன்'. ஆண்பிள்ளையாக நட என்று அப்பா பையனுக்குச் சொல்லும் பாட்டு. அதை ஃபிராங்கி வாலி எந்தக் குரலில் பாடியிருக்கிறார் தெரியுமா, சுத்தமான கள்ளத்தொண்டை! அமெரிக்காவே தலையில் வைத்துக் கொண்டாடியது. அதற்கு முந்தைய வருடம் 'ஷெரி'யும் அதே குரலில்தான் முதலிடம்.

எனக்குப் பிடித்த கதை பீ ஜீஸ் சகோதரர்களுடையது. 1967லேயே பேர் வாங்கிவிட்டார்கள், ஆனால் அப்போது பாரி கிப் பாடியதெல்லாம் சாதாரணக் குரலில். எழுபதுகளின் நடுவில் மார்க்கெட் சரிந்து, மயாமியில் போய் உட்கார்ந்து 1975ல் 'மெயின் கோர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்கிறார்கள். 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பாட்டின் கடைசியில், பின்னணியில் யாராவது சுருதியோடு கொஞ்சம் அலற முடியுமா என்று தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்க, பாரி முயன்று பார்க்கிறார். இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிகிறது, அப்போது வயது 28. ரெண்டே வருடத்தில் 'ஸ்டேயின் அலைவ்', கிட்டத்தட்ட முழுப் பாட்டும் அந்தக் குரலில். (நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அழுத்தி ஓடவைக்கும் முதலுதவிப் பயிற்சியில் இந்தப் பாட்டின் தாளத்தைத்தான் மனதில் ஓட்டச் சொல்கிறார்கள், நிமிடத்துக்கு நூறுக்குச் சற்று மேலே. எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மா பாடியே காட்டினார்.)

இன்னொன்று, பிரின்ஸின் 'கிஸ்', 1986. ஹெட்போனில் கேளுங்கள், பேஸ் கிடாரே கிடையாது. அடிப்பக்கம் காலி. அதனால்தான் அந்த ஊசி மாதிரிக் குரல் நடு ஹாலில் தனியாக நிற்கிறது. கள்ளத்தொண்டை பலமில்லாதது என்று சொல்வார்கள், சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. உங்கள் குழுவில் எல்லோரும் ஒரேயடியாக அடித்தால் எந்தக் குரலும் கேட்காது.

மைக்பிடிச்சவன்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் எப்படி, கிடார்காரர் பக்கமும் ஒருவன் இருக்கட்டும். கள்ளத்தொண்டை ஏமாற்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். இப்போது வரும் பாட்டுகளில் பாதிக்கு மேல் மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு காற்றும் குரலுமாகக் கிசுகிசுத்துவிட்டு அதை உணர்ச்சி என்கிறார்கள். மைக் இல்லாவிட்டால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. மைக்கேல் ஜாக்சன் 1979ல் 'டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் எனஃப்' பாடியதும் மெல்லிய குரல்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் மிருதங்கச் சொல் மாதிரி விழும். மெலிசு வேறு, நோஞ்சான் வேறு.

ஆக்டேவ் பட்டியலைப் பார்த்து மனம் தளர்கிற ஆளுக்கு ஒன்று. குயின் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரிக்கு நாலு ஆக்டேவ் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். 2016ல் ஆஸ்திரியா, செக், சுவீடன் ஆய்வாளர்கள் சேர்ந்து அவருடைய ஒலிப்பதிவுகளை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது 37 அரைச்சுரம், அதாவது மூன்று ஆக்டேவுக்கு ஒரு அரைச்சுரம் மேலே, அவ்வளவுதான். அதைவிட சுவாரசியம், பேட்டிகளில் அவர் பேசிய குரல் சராசரி 117 ஹெர்ட்ஸ். உங்களை மாதிரியே இயல்பில் கனத்த குரல்காரராக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அவரைத் தனியாகக் காட்டியது குரலின் அசைவு, நொடிக்கு 7 முறை, வழக்கமான பாடகர்களைவிட வேகம். இதை எந்தப் பட்டியலில் போடுவது? அவர்களுடைய 'பொஹீமியன் ராப்சொடி' பாட்டில் உச்சத்தில் கேட்கும் 'கலிலியோ' அவர் குரலே இல்லை, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் குரல். தனக்கு எட்டாததை எட்டுபவரிடம் கொடுத்துவிட்டார். யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை.

கூட்டுக்குரல்:

இருபது வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர் வரிசையில், அதாவது உயர்ந்த ஆண் குரல்காரர்களோடு, நிற்கிறேன். தம்பி, பாடுவதை விடுவதா? முதல் சொல்லே உங்களுக்கு அல்வா என்கிறீர்கள், டெனர்காரர்கள் அந்த இடத்தில்தான் வெறும் காற்றை விடுவார்கள். பாதிப் பாட்டு உங்கள் கையில் இருக்கிறது.

செய்து பாருங்கள். பாட்டை ஒன்றரைக் கட்டை இறக்குங்கள். மேல்சுரம் ஒன்றரைக் கட்டைக்கு வந்துவிடும், கீழ்சுரம் நாலரைக்குப் போகும், சுமார் 92 ஹெர்ட்ஸ், உங்கள் குரலுக்கு அது சமாளிக்கக்கூடியதுதான். அதற்கு மேல் இறக்கினால் முதல் சொல் மைக்கில் உறுமலாக மட்டும் கேட்கும். இந்தப் பாட்டில் இதுதான் வம்பு, தலையை இறக்கினால் காலும் இறங்கும்.

பயிற்சி எப்போதும் மேலிருந்து கீழே. கள்ளத்தொண்டையில் மெதுவாக ஒரு 'ஊ' பிடித்து, குழந்தையைத் தூங்கவைக்கிற அளவு சத்தத்தில், வழுக்கிக்கொண்டே கீழே வாருங்கள். குரல் மாறும் இடத்தை மறைக்கப் பார்க்காதீர்கள், எங்கே வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். பத்து நாளில் அந்தப் படி கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஸ்ட்ரா வழியாக ஊதிக்கொண்டே ராகம் இழுப்பதும் நல்லது, தொண்டைக்குப் பாரமில்லை. பாட்டில் கடைசி சுரத்துக்குப் போய் மாறாதீர்கள், இரண்டு மூன்று சுரம் முன்னாலேயே சத்தத்தைக் குறைத்து மாறிவிடுங்கள். கேட்பவருக்கு அது நழுவல் மாதிரி இல்லாமல் வேண்டுமென்றே செய்தது மாதிரி இருக்கும்.

தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், சுக்குக் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் உட்கார்ந்திருந்தேன், ஒரு கிறிஸ்துமஸ் போயிற்று.

அடித்தொண்டை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நேற்று ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடிப் பார்த்தோம். கிடார்காரன் கைப்பிடியெல்லாம் மாறுகிறது என்று அரை மணி நேரம் முணுமுணுத்தான். 'வாக் லைக் எ மேன்' போட்டுக் காட்டினேன், முதலில் சிரித்தான், அப்புறம் யார் பாடியது என்று கேட்டு எழுதிக்கொண்டான். மூன்று சுரம் முன்னால் மாறியதில் நாலு தடவையில் மூன்று தடவை பிளக்கவில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் என் சத்தம் பாதியாகிவிடுகிறது, டிரம்ஸில் அமுங்கிப்போகிறேன். மைக்கைக் கிட்டே இழுக்கவா?

சுருதிப்பெட்டி:

மைக்கை இழுப்பதற்கு முன்னால் டிரம்ஸ்காரரிடம் அந்த நாலு அட்சரம் கையைக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆ-ஹாவே 2017ல் அன்ப்ளக்டு (மின்கருவிச் சத்தம் குறைந்த) நிகழ்ச்சிக்காக இதே பாட்டை வேகத்தை நன்றாகக் குறைத்து அடக்கமாக வாசித்திருக்கிறார்கள், அதைக் குழுவோடு உட்கார்ந்து கேளுங்கள். ஹார்கெட்டுக்கு அப்போது ஐம்பத்தெட்டை நெருங்கும் வயது. அந்தக் கடைசி சுரத்துக்கு அவர் எவ்வளவு மெதுவாகப் போகிறார் என்று டிரம்ஸ்காரரும் கேட்க வேண்டும்.