குறுவை நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்: குழாயில் தண்ணீர் நிற்கிறது, வயல் வெடிக்கிறது

கேள்வி (களிமண்காரன்)
மன்னார்குடிப் பக்கம் 2 ஏக்கர் களிமண். கோ 51 ரக நெல் நட்டு 22 நாள். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிறது, மீதிக்குப் போர் (ஆழ்துளைக் கிணறு). காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும் முறையில், ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் பதித்து, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பாய்ச்சுகிறேன். குழாய்க்குள் தண்ணீர் தெரிகிறது, வெளியே வெடிப்பு விழுகிறது. எதை நம்பிப் பாய்ச்சுவது? அடுத்த யூரியாவை எப்படிப் போடுவது?

வெண்ணாறு
குழாயை நம்பாதீர்கள், ஓட்டை அடைத்திருக்கிறது. களியில் அழுத்திச் செருகும்போது சேறு ஓட்டைகளில் அப்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அப்படியே நிற்கும்.

பிடுங்கிப் பாருங்கள். 30 செ.மீ. துண்டு, கீழ்ப் பாதி 15 செ.மீ.க்கு 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. ஓட்டைகள் இருக்க வேண்டும். ஆணியால் குத்திச் சுத்தம் செய்து, ஓட்டை போட்ட பாதி மட்டும் மண்ணுக்குள் போகும்படி பதியுங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை கையால் அள்ளிவிடுங்கள், பலர் விடுவது இதைத்தான். பிறகு வயலில் தண்ணீர் கட்டி, குழாய்க்குள் இருப்பதை இறைத்துவிடுங்கள். வெளி மட்டத்துக்குத் தானாக ஏறினால் சரி. மேட்டிலும் பள்ளத்திலும் தண்ணீர் நுழையும் வாய்மடை ஓரத்திலும் வைக்க வேண்டாம்.

அடிக்கெட்டி
பொதுக் கணக்கு, குழாயில் தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுவது. வெடிக்கும் களியில் 10 செ.மீ.யிலேயே பாய்ச்சுங்கள். மயிரிழை வெடிப்பால் கெடுதல் இல்லை. விரல் நுழையும் அளவுக்கு விரிந்தால் சேற்றுழவில் உண்டான அடி இறுக்கத்தையும் தாண்டித் தண்ணீர் கீழே ஓடிவிடும், மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் போகும்.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. உயரம் என்பது 40,000 லிட்டர். 5 செ.மீ. கட்ட 2 லட்சம். நொடிக்கு 10 லிட்டர் தரும் மோட்டார் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். அதையும் தாண்டி ஓடியும் வயல் நிறையவில்லை என்றால் வெடிப்பையும் எலி வளையையும் பாருங்கள்.

வெண்ணாறு
யூரியாவை நின்ற தண்ணீரில் போட்டுக் காயவிடாதீர்கள். காய்ச்சலில் நைட்ரேட்டாக மாறும் தழைச்சத்து (நைட்ரஜன்), மறுபடி தண்ணீர் கட்டியதும் வாயுவாகப் பறந்துவிடும். ஈரம் மட்டும் இருக்கும் சேற்றில் தூவி, உடனே பாய்ச்சினால் வேருக்கு இறங்கும். எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தை நான்கு தவணையாகப் பிரித்தால், தவணைக்கு ஏக்கருக்கு 33 கிலோ யூரியா.

களிமண்காரன்
நன்றிங்க. குழாயில் 6 செ.மீ.தான் இறங்கியிருக்கும்போது ஆற்று முறை வந்தால் அந்தத் தண்ணீரை வாங்காமல் விட்டுவிடலாமா?

அடிக்கெட்டி
தவறவிடாதீர்கள். அடுத்த முறை எப்போது என்று உறுதியில்லாத இடத்தில், வருவதை வாங்கிக்கொண்டு போரை மிச்சப்படுத்துவதுதான் சரி. குழாய்க் கணக்கெல்லாம் மோட்டார் போடுவதற்குத்தான். பூக்கும் முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் காய்ச்சலே கூடாது, 5 செ.மீ. நிற்கட்டும். அப்போது காய்ந்தால் கதிர் பாதி சாவியாகும் (மணி பிடிக்காத பதராகும்). அந்தப் பதினைந்து நாளுக்கு வேண்டிய போர்த் தண்ணீரை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.